இறுக்கக் காலுறையைச் சுலபமாகப் போட ஒரு வழி

நிணநீர் வீக்கத்துக்கு (நிணநீர் சரியாக வடியாமல் கால் வீங்குவது) போடும் இறுக்கமான காலுறையைப் படுக்கையை விட்டு எழுந்தவுடனேயே போட்டுவிடுங்கள். நடமாடத் தொடங்கினால் கால் வீங்கி, அது ஏறவே ஏறாது. அம்மாவுக்குப் போட்டுவிடும்போது நான் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்வேன். உள்ளங்கையால் கணுக்காலிலிருந்து தடவித் தடவி மேலே நகர்த்தினால் துணி சுருக்கமில்லாமல் படியும், நகம் பட்டுக் கிழியவும் கிழியாது. மேலே மிஞ்சினால் மடித்துவிடாதீர்கள். மடித்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கும். காலில் பூசும் கிரீமை இரவில் பூசினால் போதும்.

திருகோணமலை வெயிலுக்கு இரண்டு சோடி கட்டாயம் வேண்டும். தினமும் அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுற்றி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். அப்புறம், கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் அந்தக் காலில் சுடுநீர் ஊற்ற வேண்டாம். சூடு வீக்கத்தைக் கூட்டலாம். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள்.