பித்தளை ஜாபில் மாட்டிய பின்னை எடுக்க, தண்ணீருக்குள்ளேயே உலுக்குங்கள்

ஓசூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பித்தளை ஜாபை (லேத்தில் கடைந்த உருப்படியை) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் (சின்னச் சின்னக் கம்பித் துண்டு), தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) சேர்த்து பேரலில் சுற்றவிட்டால் தங்கம் மாதிரி வந்துவிடும். வெளிநாடுகளில் சுட்ட தோட்டாக் கூடுகளைக்கூட இப்படித்தான் கழுவுகிறார்கள். கஷ்டம் அதற்கப்புறம்தான், ஓட்டைக்குள் போன பின்னை வெளியே எடுப்பது. ஒரே ஒரு பின் உள்ளே இருந்ததால் எனக்கு ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்திருக்கிறது.

பேரலைத் திறந்ததும் அழுக்குத் தண்ணீரை மாவு சலிக்கும் சல்லடை வழியாக ஒரு வாளியில் வடித்துவிடுங்கள். நேராகச் சாக்கடையில் ஊற்றினால் பின்னும் போகும், அந்தத் தண்ணீரில் செம்பும் துத்தநாகமும் கரைந்திருக்கும் என்பதால் செடி பக்கமும் ஊற்ற வேண்டாம்.

அப்புறம் ஜாபைக் கையில் எடுத்து உதறாதீர்கள். ஈரப் பின் ஓட்டையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கும், எவ்வளவு தட்டினாலும் பாதிதான் விழும். ஜாப் முழுவதும் மூழ்கியிருந்தால் அந்தப் பிடியே இருக்காது, பின் தானாக வழுக்கி இறங்கிவிடும். அதனால் பெரிய டப்பில் நல்ல தண்ணீர் நிரப்பி, பின் விழுகிற அளவுக்குக் கண் உள்ள காய்கறிக் கூடையில் ஜாபைப் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, முழுவதும் மூழ்கவைத்துச் சுழற்றிச் சுழற்றி உலுக்குங்கள். ஒரு பக்கம் மூடிய ஓட்டை என்றால் வாய் கீழே பார்க்கும்படி தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கவிழ்க்க வேண்டும், வேறு வழியில்லை.

கம்ப்ரஸர் ஏர் அடிப்பதை இதற்கு முன் செய்யவே கூடாது. பின் ஊசி மாதிரி பறந்து வரும், கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள்.

ஓட்டை பின்னின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால், அதாவது 1.2 மி.மீ. பின்னுக்கு 2.4 மி.மீ. பக்கம் வந்தால், இரண்டு பின் சேர்ந்து ஆப்பு மாதிரி இறுகிவிடும். அப்படிப்பட்ட ஜாபுக்குப் பின்னின் அளவையே மாற்றிவிடுங்கள். இறுகிவிட்டதை மறுபக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் குத்தித் தள்ளலாம்.

டப்பின் அடியில் கிடக்கும் பின்னை எடுக்க சாதாரணக் கறுப்பு மேக்னெட் போதாது. இந்தப் பின் 304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அது இயல்பாகக் காந்தத்துக்கு ஒட்டாது, கம்பியாக இழுத்த பிறகு கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். நியோடிமியம் மேக்னெட்டை பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துத் துழாவுங்கள், கவரைக் கழற்றினால் பின் எல்லாம் கொட்டிவிடும்.

பின்னைக் காயவைத்து எடை போட்டுச் சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 6.5 மி.மீ. நீளமுள்ள 1.2 மி.மீ. பின் கிலோவுக்கு 17,000 அளவுக்கு வரும், கிராம் தராசில் பத்துப் பின் குறைந்தாலும் தெரியாது. ஒவ்வொரு ஓட்டையையும் டார்ச் அடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு, அப்படியே காயவிட்டால் பித்தளையில் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசியாக ஒரு முறை ஆர்ஓ தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் புரட்டி, உடனே வெயிலில் பரப்பிவிடுங்கள்.