உற்பத்தி நின்றுபோன சில்லுகளுக்கு நீண்டகால ஏற்பாடு

1976இல் வெளிவந்த ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 நுண்செயலியின் தனிச் சில்லு வரிசைக்கு 2024 ஏப்ரலில் உற்பத்தி நிறுத்த அறிவிப்பு வந்தது. கடைசி ஆர்டருக்கு ஜூன் 14 வரையே அவகாசம் தரப்பட்டது. இத்தகைய நெருக்கடியில் சிக்காதிருக்க, உங்கள் கருவியின் உதிரிபாகப் பட்டியலை உற்பத்தியாளரின் அறிவிப்புகளோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிவிப்பு வந்ததும், இயங்கிக்கொண்டிருக்கும் கருவிகளின் எண்ணிக்கை, ஆண்டுதோறும் பழுதாகும் விகிதம், பராமரிக்க வேண்டிய ஆண்டுகள் ஆகியவற்றைப் பெருக்கி, சேதத்துக்கும் சற்றுச் சேர்த்து வாங்குங்கள். வாங்கிய சில்லுகளை நிலைமின் தடுப்பு உறையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடி வையுங்கள். சில்லின் உலோகக் கால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சால்டர் சரியாகப் பிடிக்காது.

அவகாசம் கடந்துவிட்டால், ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே முதலில் கேளுங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சிட்ட போலிகளும் கலந்திருக்கும் என்பதால், மேற்பரப்பை அசிட்டோனால் துடைத்துப் பார்ப்பதையும், ஒவ்வொன்றையும் சுற்றில் பொருத்தி இயக்கிப் பார்ப்பதையும் எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. இருப்பு தீரும் முன்பே, அதே கால் அமைப்பில் எஃப்பிஜிஏ (உள்சுற்றைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய சில்லு) வழியாக இசட்80 போல இயங்கும் சிறு பலகையை வடிவமைத்துச் சோதித்துவிடுங்கள். பழைய 5 வோல்ட் சுற்றோடு 3.3 வோல்ட் சில்லை இணைப்பதற்கு மின்னழுத்த நிலை மாற்றியும் அதில் இடம்பெற வேண்டும்.