எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறதா? கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீக்கடையோ பேக்கரியோ, ஆரம்பிக்கும்போது நாலு லைட், இரண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் என்று கணக்குப் போட்டுத்தான் ஒயரிங் இழுத்திருப்பார்கள். அப்புறம் வியாபாரம் சூடுபிடித்ததும் பஃப்ஸ் வைக்க ஹாட் கேஸ் வரும், சாண்ட்விச் கிரில்லர் வரும், மைக்ரோவேவ் வரும், ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வரும். சுவருக்குள் ஓடும் ஒயர் மட்டும் அதே பழைய ஒயர். ஒருநாள் சாயங்காலம் கூட்டம் நிற்கும் நேரத்தில் டப்பென்று எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகி, அதாவது கீழே விழுந்து, பாதிக் கடை இருட்டாகிவிடும். அந்த அவசரத்தில் நிறைய பேர் செய்வது எதுவோ, அதுதான் ஆபத்தானது.

முதல் தவறு, எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு, "16 ஆம்ப்ஸ் தாங்கல, 32 போட்டு விடுங்க" என்று எலக்ட்ரீசியனிடம் சொல்வது. எம்.சி.பி. அங்கே உட்கார்ந்திருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான். பவர் பிளக்குக்குப் பொதுவாக இழுக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், குழாய்க்குள் போகும்போது சுமார் 20 ஆம்ப்ஸ் வரை நிம்மதியாகத் தாங்கும். ஒரே குழாயில் ஏழெட்டு ஒயரைத் திணித்திருந்தால் அதைவிடக் குறைவு. 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. சரியாக 32-ல் விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை, அதாவது 36 ஆம்ப்ஸ் ஓடினாலும் ஒரு மணி நேரம் அது விழக்கூடாது என்றும், 1.45 மடங்கு, அதாவது 46 ஆம்ப்ஸ் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்றும்தான் அதன் தர விதி சொல்கிறது. அப்படியானால் 20 தாங்கும் ஒயரில் 36 ஆம்ப்ஸ் மணிக்கணக்காக ஓடும், எம்.சி.பி. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் வரும் சூடு நான்கு மடங்காகும். சாதாரண பி.வி.சி. ஒயருக்கு 70 டிகிரிதான் எல்லை, அதற்கு மேல் தொடர்ந்து போனால் உறை இறுகி வெடித்து, சுவருக்குள்ளேயே ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளும். பழைய ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் ஒயருக்குப் பதிலாகத் தடித்த காப்பர் இழையைச் சுற்றி வைப்பதும் இதே கதைதான்.

அடுத்து, டிரிப் ஆனதும் என்ன ஏது என்று பார்க்காமல் தட்டித் தட்டி மேலே போடுவது. விழுந்த விதத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எம்.சி.பி.க்குள் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. ஒன்று, சூடேறினால் வளைகிற ஒரு உலோகப் பட்டை. இது மெதுவாக வேலை செய்யும். இன்னொன்று காந்தச் சுருள். இது கண் இமைக்கும் முன் இழுத்துவிடும். மேலே போட்ட நொடியே டப்பென்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் என்று சந்தேகப்படுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். எல்லாம் ஓடத் தொடங்கிப் பத்து இருபது நிமிஷம் கழித்து விழுகிறது, ஆறவிட்டுப் போட்டால் மறுபடி அதே மாதிரி கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுகிறது என்றால் அது ஓவர்லோடு. கம்ப்ரஸரோ கிரைண்டரோ ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் மட்டும் விழுந்தால், மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுப்பது காரணமாக இருக்கலாம். பி கர்வ் என்ற வகை எம்.சி.பி. தன் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழும், சி கர்வ் வகை ஐந்து முதல் பத்து மடங்கில்தான் உடனே விழும். இந்த இடத்தில் ஆம்ப்ஸை ஏற்றாமல், அதே ஆம்ப்ஸில் சி கர்வ் மாற்றச் சொல்வதுதான் முறை.

லோடு சரியாக இருந்தும் விழுகிறதா, டிபி, அதாவது எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி, எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். டீ பாய்லருக்கும் அடுப்புக்கும் நேர் மேலே மாட்டியிருக்கும் கடைகள் எத்தனையோ. எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி சூழலை வைத்துச் சொல்லப்படுவது. பெட்டிக்குள் ஐம்பது டிகிரி இருந்தால் அது சீக்கிரமே விழத்தான் செய்யும். அதில் எம்.சி.பி. மேல் குற்றமில்லை, இடத்தை மாற்ற வேண்டும்.

ஓவர்லோடுதானா என்று உறுதி செய்ய பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். விழுந்த லைனில் இருக்கும் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, கைப்பிடியை முழுக்கக் கீழே தள்ளிவிட்டு மேலே போடுங்கள். எதுவுமே மாட்டாமல் விழுந்தால் கோளாறு ஒயரிலோ பாயிண்டிலோதான், அதற்கு மேல் கை வைக்காமல் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். நின்றால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாட்ஸைக் கூட்டுங்கள். கிரில்லர் 2000, மைக்ரோவேவ் 1200, ஹாட் கேஸ் 1000, கெட்டில் 1500, மொத்தம் 5700. இதை 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 25 ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் லைனில் இது எப்படி நிற்கும்? மைக்ரோவேவ் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 800 வாட்ஸைக் கணக்கில் எடுத்துவிடாதீர்கள், அது சமைக்கும் சக்தி. இழுக்கும் கரண்ட்டுக்கான அளவு பின்பக்கத்து ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும். ஃப்ரீசர் மாதிரி மோட்டார் உள்ளதற்கு ஸ்டிக்கரில் ஆம்ப்ஸே போட்டிருப்பார்கள், அதை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள்.

பிளக் பாயிண்ட் போதவில்லை என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுவது தெரிந்த தவறுதான், ஆனாலும் எல்லாக் கடையிலும் இருக்கிறது. பாயிண்ட் எத்தனை சேர்த்தாலும் பின்னால் வரும் ஒயர் ஒன்றே. அதைவிட மோசம், பெரிய 16 ஆம்ப்ஸ் பிளக்கை சின்ன 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் மாட்ட வைக்கும் கன்வர்ட்டர். இருபது முப்பது ரூபாய் சாமான் என்று கிரில்லரை அதில் ஓட்டினால், சாக்கெட்டின் ஓட்டை ஓரம் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், அப்புறம் மீன் வாடை மாதிரி ஒரு கருகல் வாடை வரும். அந்த வாடை வந்தால் எம்.சி.பி. விழும் என்று காத்திருக்காதீர்கள், மெயினை அணையுங்கள். லூஸான ஸ்குரூவிலும் தளர்ந்த சாக்கெட்டிலும் வரும் சூடு எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடியிருக்காது. நெருப்பே வந்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிரை பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மின் கசிவைப் பிடிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. விழுவதையும் ஓவர்லோடு என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். டெஸ்ட் பட்டன் உள்ள அது, பொதுவாக 30 மில்லி ஆம்ப்ஸ் கரண்ட் கசிந்தாலே விழும். மழைக்காலத்தில் ஈரச் சுவர், பழைய ஃப்ரிட்ஜ், கெட்டிலின் காயில் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "தொந்தரவு" என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொன்னால், அடுத்து ஃப்ரிட்ஜ் கதவைத் தொடும் பையனுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இதில் சமரசமே கூடாது.

மூன்று ஃபேஸ் உள்ள கடைகளுக்கு ஒரு விஷயம். ஒரு ஃபேஸ் போனதும் சேஞ்ச் ஓவரைத் திருப்பி எல்லாவற்றையும் இன்னொரு ஃபேஸில் ஏற்றிவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். இரண்டு ஃபேஸின் லோடை ஒன்று சுமக்கிறது என்பது அந்த அவசரத்தில் மறந்துபோகும். திருப்புவதற்கு முன் கிரில்லர், ஏ.சி. மாதிரி பெரியதையெல்லாம் அணைத்துவிடுங்கள், லைட்டும் ஃப்ரீசரும் ஓடினால் போதும். சில லைட் திடீரென்று பளீரென்றும் சில லைட் மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறும். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

சரி, ஓவர்லோடுதான் என்று தெரிந்துவிட்டது, என்ன செய்வது? இன்றைக்கே செய்யக்கூடியது, சூடு உண்டாக்கும் இரண்டு மெஷினை ஒரே நேரத்தில் ஓட்டாமல் இருப்பது. நிரந்தரமாக வேண்டுமென்றால் கிரில்லருக்கும் ஏ.சி.க்கும் டிபியிலிருந்தே தனித்தனி லைன், தனி எம்.சி.பி., எர்த்தோடு. மொத்த லோடு மின்வாரியத்தில் வாங்கியிருக்கும் அளவைத் தாண்டினால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், செலவு ஆகும்தான், ஆனால் மெயின் ஒயரும் மீட்டரும் கருகுவதைவிட அது குறைவு. எலக்ட்ரீசியனைக் காலை பதினோரு மணிக்கு, கடை காலியாக இருக்கும்போது வரச் சொல்லாதீர்கள். சாயங்காலம் எல்லா மெஷினும் ஓடும் நேரத்தில் வந்து, கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு லைனிலும் போட்டு ஆம்ப்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால், அடுத்த மெஷின் வாங்கும் முன் எந்த லைனில் இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.