ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டை ஏறப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை மலையடிவாரத்தில் இரண்டு பையன்களைப் பார்த்தேன். மணி பதினொன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் பாட்டில். "அண்ணா, மேலே கடை ஏதாவது இருக்குமா?" என்றான் ஒருவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் என் நண்பனும் இதே இடத்தில், இதே நேரத்தில், இதே ஒரு பாட்டிலோடு நின்றோம். அந்தப் பையன்களை மறுநாள் விடியற்காலையில் வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். நல்ல செருப்பு, தொப்பி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள்.

வெயில் ஏறிய பிறகு மலை ஏறுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. நாங்கள் தருமபுரியிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பி, வழியில் இட்லி, போண்டா, இரண்டு தடவை டீ என்று ஆற அமர வந்து சேர்ந்தோம். கோட்டை எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு. கீழே கொஞ்ச தூரம் நிழல் உண்டு, அப்புறம் வெறும் பாறைதான், மேலே போகப் போகத் தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே தோசைக்கல் மாதிரி சூடு. பாதி வழியிலேயே பாட்டில் காலி. கோட்டைச் சுவர் ஓரம் ஒரு முழ நிழலில் நண்பன் உட்கார்ந்துவிட்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது, வேர்வையே இல்லை. "மாப்ள, கண்ணைக் கட்டுதுடா" என்றான். வேர்வை நின்றுபோனால் உடம்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஏறுவதைவிட அவனை இறக்குவதுதான் பெரும்பாடு. பாறைமேல் கிடக்கும் பொடி மணல் செருப்பை வழுக்கிவிடும், தோளில் கை போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கினோம். அன்று சாயங்காலம் அவனுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கோட்டையில் என்ன பார்த்தோம் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.

ஆறு மணிக்கு முதல் படியில் கால் வையுங்கள். ஒன்பதரைக்குள் கீழே இருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்ட மோர். ஏப்ரல், மே மாதத்தில் போகவே வேண்டாம்.

சுனைத் தண்ணீர்

குடிக்காதீர்கள்.

மேலே அரண்மனை இருக்கும் என்று எதிர்பார்ப்பது

மைசூருக்குப் போய்வந்த கண்ணோடு வந்து, "இவ்வளவுதானா?" என்று இறங்குகிறார்கள். மனசு வலிக்கிறது. இவை ராஜா கொலுவிருந்த இடங்கள் அல்ல, பாராமகாலுக்கு, அதாவது பன்னிரண்டு கோட்டைச் சீமை என்று சொல்லப்படும் இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துக்குக் காவல் நின்ற மலைகள். மலைதான் இங்கே மதில். 1791 நவம்பரில், திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியில் கீழ்க்கோட்டையைப் பிடித்தது, ஆனால் மேல்கோட்டைக்குள் நுழைய முடியவில்லை, திப்புவின் ஆட்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையில் பாதி ஏறி மூச்சு வாங்கும்போது திரும்பிக் கீழே பாருங்கள், அந்தச் சண்டை அப்படியே புரியும். ராயக்கோட்டையை அதே வருடம் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, பிடித்துவிட்டது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது.

ஒரே நாளில் பன்னிரண்டு கோட்டை

முடியாது. ஒரு நாளுக்கு ஒரு மலை.

வெயில் நேரத்தை வீணாக்குவது

மலையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு ஓடாதீர்கள். தருமபுரிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, சேலம் சாலையில் அதியமான்கோட்டைக்குப் போங்கள். கோட்டை எங்கே என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். சென்றாயப் பெருமாள் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்கப் பழைய ஓவியம். போகும் முன் நடை திறக்கும் நேரத்தை ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கல்தரை குளுகுளு என்றிருக்கும், ஏறி இறங்கிய காலுக்கு அவ்வளவு சுகம்.