அறிவியல் சொல்லை வரையும் போட்டியா? இதைச் செய்து பாருங்கள்

ஒருவர் அறிவியல் சொல்லை வரைய, மற்றவர்கள் கண்டுபிடிக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறீர்களா? ஓவியத்தில் கெட்டிக்காரரைத் தேடி அலையாதீர்கள். எங்கள் அணியில் அப்படி ஒருவன் இருந்தான். இலைக்கு நரம்பு போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது!

பாடநூல் படத்தை மறக்கச் சொல்லுங்கள். நிலைமமா, அதாவது இருக்கும் நிலையிலேயே தொடரப் பார்க்கும் பொருளின் குணமா? மாட்டுத்தாவணிக்குப் போகும் டவுன் பஸ், திடீர் பிரேக், முன்னால் சாயும் குச்சி மனிதர். நாலு கோடு போதும். மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் ஊடுருவும் சவ்வூடு பரவலுக்கு, தண்ணீர்க் கிண்ணத்தில் சுருங்கிய உலர்திராட்சை, பக்கத்தில் உப்பிய திராட்சை.

குழம்புகிற சொற்களை மட்டும் ஒன்றாகப் பழக்குங்கள். கொடியில் துணி, மேலே வெயில் என்றால் ஆவியாதல். அடுப்புப் பாத்திரத்தில் குமிழி என்றால் கொதித்தல். இலையின் அடியிலிருந்து அம்புக்குறி கிளம்பினால் நீராவிப்போக்கு. எங்கள் பிள்ளைகள் மூன்றுக்குமே 'ஆவி' என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று: கண்டுபிடிப்பவர்கள் யோசித்துக்கொண்டு வாயை மூடி உட்காரக் கூடாது. தப்போ சரியோ, தோன்றியதைச் சொன்னால்தான் வரைபவருக்கு எதைத் திருத்துவதென்று தெரியும். எழுத்து, எண், அம்புக்குறிக்கு அனுமதி உண்டா என்று விதியை முன்பே பார்த்துவிடுங்கள்.