நாற்பதுக்கு மேல் 400 மீட்டர்: முன்னங்கால் வலி போன விதம்
மாஸ்டர்ஸ் (மூத்தோர்) தடகளத்தில் 35 வயதிலிருந்தே ஐந்தைந்து வயதாகப் பிரிவு உண்டு, அதனால் வயதைச் சாக்குச் சொல்ல முடியாது. எனக்குத் தொல்லை கொடுத்தது முன்னங்கால் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில்) எலும்பின் உள்ளோர வலிதான். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் தார் ரோட்டில் ஓடினால் எலும்பு குத்தும், காய்ந்த மணலில் ஓடினால் கால் புதைந்து கெண்டைச்சதை இழுக்கும், கடைசியில் சரிப்பட்டது அரியமான் கரையில் கடல் வற்றும்போது கிடைக்கிற ஈர மணல். கரை சரிவாக இருக்கும், போன வழியே திரும்பி ஓடினால் ரெண்டு காலுக்கும் சமம். அப்புறம் வலி தீரும்வரை வேக ஓட்டத்தை விட்டுவிட்டு, படி விளிம்பில் நின்று தினமும் குதிகாலை ஏற்றி இறக்கினேன் (வீட்டில் சிரித்தார்கள்), பெரிய வித்தியாசம் இதில்தான். ஒரே புள்ளியில் தொட்டால் சுரீர் என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது, டாக்டரைப் பாருங்கள்.