இங்கிலாந்து மாளிகைத் தோட்டம் பார்க்கப் போறீங்களா? நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க

போன அக்டோபர் கடைசியில வில்ட்ஷயர்ல இருக்கற ஸ்டவர்ஹெட்ங்கற மாளிகைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மத்தியானம் 3.30 இருக்கும், ஒரு தமிழ் குடும்பம் மாளிகையை சுத்திப் பார்த்துட்டு அப்பத்தான் வெளிய வந்து "ஏரி எந்தப் பக்கம்ங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. 9 வருஷம் முன்னாடி அதே இடத்துல அதே நேரத்துல அதே கேள்வியோட நின்னது நான்.

பூ பறிக்காதீங்க, குப்பை போடாதீங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். தெரியாம பண்றதை மட்டும் சொல்றேன்.

முதல்ல வீடு, அப்புறம் டீ, கடைசியா தோட்டம்

இதை நினைச்சா இன்னிக்கும் ஆத்திரம் வருது. ஊர்ல இருந்து மாமனார் முதல் தடவையா வந்திருந்தார், அவரை லண்டன்ல இருந்து ரெண்டரை மணி நேரம் கார்ல கூட்டிட்டுப் போனேன். மாளிகைதான் முக்கியம், தோட்டம் அதோட முற்றம் மாதிரி ஏதோ இருக்கும்னு நெனப்பு. ரூம் ரூமா பார்த்தோம், கியூல நின்னு டீயோட சாப்பிடற ஸ்கோன்ங்கற பன் வாங்கி சாப்பிட்டோம், ஏரிக்கரைக்கு இறங்கும்போது வெளிச்சம் போயிட்டிருந்துச்சு. இங்க அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சிடுவாங்க, அதுக்கப்புறம் 4.45 மணி வாக்குல சூரியன் போயிடும், அது என் மண்டைல ஏறவே இல்ல. தண்ணிக்கு அந்தப் பக்கம் குவிமாடம் வச்ச ஒரு கட்டடம், முன்னாடி தூண் வரிசை. மாமா அதையே பார்த்துட்டு நின்னார். "அது கோயிலா மாப்ள? அங்க போக முடியுமா?"ன்னார். "இருட்டிரும் மாமா, அடுத்த தடவை வரும்போது போவோம்"னு சொல்லி பாலத்துல ஒரு போட்டோ எடுத்துட்டு திரும்பிட்டோம். அந்த அடுத்த தடவை வரவே இல்ல. முட்டி ரெண்டும் போயிடுச்சு, அவ்ளோ தூரம் பிளைட்ல உக்கார டாக்டர் ஒத்துக்கல.

அவர் கேட்ட கட்டடம் பாந்தியன். ரோம்ல இருக்கற பாந்தியன்ங்கற பழங்காலக் கோயிலை மனசுல வச்சு 1750கள்ல கட்டினது, உள்ள ஹெர்குலிஸ் சிலை நிக்குது. அந்த ஏரியே இயற்கை கிடையாது, ஹென்றி ஹோர்னு ஒரு பேங்க் முதலாளி 1740கள்ல ஆரம்பிச்சு, பள்ளத்தாக்குல அணை போட்டு தண்ணியைத் தேக்கி, கரையெல்லாம் மரம் வச்சு, நடுநடுவுல கோயில், குகை, பாலம்னு ஒவ்வொண்ணா சேர்த்து உண்டாக்கினது. நடக்க நடக்க காட்சி மாறணும்னு திட்டம் போட்டு செஞ்சிருக்காங்க. பாந்தியன் தூரத்துல தெரியும், மரத்துக்குள்ள மறையும், வேற கோணத்துல மறுபடி எட்டிப் பார்க்கும். அதனால பாலத்துல இருந்து ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பறது, கோபுரத்தை மட்டும் பார்த்துட்டு உள்ள போகாம ஊர் திரும்பற மாதிரி.

இதுல இன்னொரு தப்பும் சேர்ந்துக்கும். நம்ம ஆளுங்களுக்கு கோயில் பழக்கம், எதைச் சுத்தினாலும் கால் தன்னால பிரதட்சணமா போகும். இங்க அப்படியே தலைகீழ், ஏரி எப்பவும் உங்க இடது கைப்பக்கம் இருக்கணும். முதல்ல ஃப்ளோராங்கற ரோமானியப் பூ தேவதையோட கோயில் வரும், வாசல் மேல தகுதி இல்லாதவங்க தள்ளிப் போங்கன்னு ஒரு லத்தீன் வரி. அப்புறம் குகைக்குள்ள இறங்கினா ஜில்லுனு இருக்கும், ஊத்துத்தண்ணி ஓடிட்டே இருக்கும், தூங்கற தேவதை சிலை ஒண்ணு, அதைத் தாண்டி நதி தெய்வம் கை நீட்டி உக்காந்திருக்கும். அது காட்டற வழிதான் பாந்தியனுக்குப் போற வழி. எதிர்ப்பக்கமா சுத்தி வந்தீங்கன்னா நீங்க வந்த பாதையையே அது கை காட்டிட்டு இருக்கும், கதை பின்னாடி இருந்து முன்னாடி ஓடும்.

சுத்து ஒரு மைலுக்கு கொஞ்சம் மேல, அப்போலோ கோயிலுக்கு நல்ல ஏற்றம். பெரியவங்களோட நின்னு நிதானமா போக 2 மணி நேரம் வேணும். காலைல போனதும் நேரா ஏரிக்கு இறங்குங்க. வீடு வேண்டாம்னு சொல்லல. 1902ல நடுப்பகுதி தீப்பிடிச்சு எரிஞ்சு திரும்பக் கட்டினது, லைப்ரரியும் அங்க இருக்கற நாற்காலி மேஜையும் அருமை. இதை எல்லாம் 1946ல நேஷனல் டிரஸ்ட்டுக்கு (பழைய மாளிகை, தோட்டமெல்லாம் பராமரிக்கற அமைப்பு) கொடுத்தவருக்கு ஒரே பையன், முதல் உலகப்போர்ல போயிட்டான். அந்த வீட்டுக்குள்ள நடக்கும்போது எனக்கு அது ஞாபகம் வராம இருந்ததில்ல. ஆனா நேரம் மிஞ்சினாத்தான் வீடு.

முதல்ல சொன்னேனே, ஏரிக்கு வழி கேட்ட அந்தக் குடும்பம், அதுல ஒரு பாட்டி இருந்தாங்க. மிச்சத்தை விடுங்க, பாலத்தைத் தாண்டி இந்தக் கரையோரமா வெளிச்சம் இருக்கற வரைக்கும் போங்கன்னு சொல்லி ஃப்ளோரா கோயில் வரைக்கும் நானே கூடப் போனேன்.

ரோஜா தேடிப் போறது

"என்னங்க, பூவே இல்ல, வெறும் புல்லும் மரமும்"னு நிறைய பேர் சலிச்சுக்குவாங்க. ஸ்டவர்ஹெட், ஸ்டோ மாதிரி 18ம் நூற்றாண்டுத் தோட்டங்கள் பூவுக்காகப் போட்டதில்ல, புல்வெளி, தண்ணி, மரநிழல், கட்டடம், இதை வச்சு ஓவியம் மாதிரி செஞ்சது. ரோஜா வேணும்னா ஜூன்ல ஹாம்ப்ஷயர்ல இருக்கற மாட்டிஸ்ஃபான்ட்டுக்குப் போங்க, மதில் சுத்தின தோட்டத்துல பழைய ரோஜா வகைகள் அவ்ளோ இருக்கு. அதுல முக்கால்வாசி வருஷத்துக்கு ஒரே தடவைதான் பூக்கும், ஆகஸ்ட்ல போய் கேக்காதீங்க.

புல்வெளின்னு பிள்ளைங்களை ஓட விடறது

வேலியே இல்லாம புல் போயிட்டே இருக்கும், தூரத்துல ஆடு மேயும். ஆடு ஏன் இந்தப் பக்கம் வரலன்னு யோசிங்க. நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, ஒரு பக்கம் செங்குத்தா சுவர், பேரு ஹா-ஹா. வீட்டுப் பக்கம் இருந்து பார்த்தா கண்ணுக்கே தெரியாது, தெரியக் கூடாதுன்னுதான் அப்படிக் கட்டினாங்க. என் பெரியவன் 5 வயசுல ஓடின ஓட்டத்துல விளிம்புக்கு 2 அடி முன்னாடி சட்டையைப் புடிச்சு நிறுத்தினேன்.

கில்லிங்கமா, ஜில்லிங்கமா

ஸ்டவர்ஹெட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் டார்செட்ல இருக்கற கில்லிங்கம், லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல இருந்து ரயில். எழுத்துல அச்சு அசலா அதே பேர்ல கென்ட்ல இன்னொரு ஊர் இருக்கு, அதை ஜில்லிங்கம்னு சொல்லுவாங்க, அது நாட்டோட வேற மூலை. ஆப்ல டிக்கெட் போடும்போது கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பேரைப் பாருங்க. சரியான ஊர்ல இறங்கினாலும் இன்னும் 6 மைலுக்கு மேல, டாக்ஸிக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

நேஷனல் டிரஸ்ட் மெம்பர் கார்டு எல்லா இடத்துலயும் செல்லும்னு நினைக்கறது

செல்லாது. சாட்ஸ்வொர்த், பிளென்ஹைம், ரௌஷம்னு இந்த மாளிகைத் தோட்டங்கள் எதுவும் அவங்களது இல்ல.

குழந்தைங்களோட ரௌஷம் போறது

15 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அனுமதி இல்ல. டீக்கடையும் கிடையாது, சாப்பாடு கட்டிட்டுப் போங்க.

புது வெள்ளை ஷூ

வேண்டாம்.